எபாக்சிக்குத் தராசு எதுக்கு, டம்ளர் போதாதா?

செல்லூர்_தராசு: ரெசினையும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரையும் கலந்து டேபிள் மேல ஊத்துற பிசின்தான் எபாக்சி. அதைப் பத்தி நேத்து ஒரு அண்ணன் எழுதுனாரு, "ரெண்டு டம்ளர் ரெசின், ஒரு டம்ளர் ஹார்ட்னர், அம்புட்டுத்தான். தராசெல்லாம் தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்கு"ன்னு. படிச்சதுல இருந்து பத்திக்கிட்டு வருது. ரெசின் கனம், ஹார்ட்னர் லேசு. என்கிட்ட இருக்கிறதுல 200 மில்லி ரெசின் 225 கிராம், 100 மில்லி ஹார்ட்னர் 97 கிராம். டம்ளரும் தராசும் எப்படிண்ணே ஒன்னாகும்?

திருநகர்_மரவேலை: பதினோரு டேபிள் ஊத்தியாச்சு தம்பி. எல்லாம் ஜிகர்தண்டா டம்ளர்தான். ஒன்னுகூட பிசுபிசுக்கல.

செல்லூர்_தராசு: பிசுபிசுக்கலையா? ஆடி மாசம் போட்டீங்களே ஒரு போட்டோ, அதுல உங்க கைரேகை பதிஞ்சிருந்துச்சு. ரேஷன் கடை மிஷினே ஏத்துக்கிரும்.

புதூர்_அக்கா: டப்பாவுல 2:1 அளவுக்கா எடைக்கா, எது போட்டிருக்கு? அளவுன்னா டம்ளர், எடைன்னா தராசு. இதுக்கா இத்தனை சண்டை?

செல்லூர்_தராசு: டப்பா பேச்சு அப்புறம்க்கா. தராசா, டம்ளரா? நான் 200 கிராமுக்கு 100 கிராம் போட்டுத்தான் ட்ரே செஞ்சேன்.

புதூர்_அக்கா: அளவுக்கு 2:1ன்னா, நீங்க சொன்ன கணக்குப்படியே 86 கிராம் போதும். 14 கிராம் கூட ஊத்திருக்கீங்க. ஹார்ட்னர் கூடுனா சீக்கிரம் காயாது தம்பி, பிசுபிசுன்னு நிக்கும்.

செல்லூர்_தராசு: ட்ரே நல்லாத்தான் இருக்கு. மேல பேப்பர் விரிச்சிருக்கேன், அது வேற விஷயம். தராசு தராசுதான்.

மேலூர்_புதுசு: அண்ணே, நான் கேட்டது 60 செ.மீ. சதுர டேபிளுக்கு 3 மி.மீ. கனத்துல ஊத்த எவ்வளவு வாங்கணும்னு.

புதூர்_அக்கா: 60×60×0.3. 1080 மில்லி. சிந்துறது, கப்புல ஒட்டுறதுக்கும் சேத்து 1.2 லிட்டர்.

செல்லூர்_தராசு: லிட்டர்னு சொல்லாதீங்க, கிலோவுல சொல்லுங்க. இங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

திருநகர்_மரவேலை: மேலூர் தம்பி, அம்புட்டையும் ஒரே பக்கெட்ல கலக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போயிராத. மொத்தமா நின்னா தன்னால சூடேறும், சித்திரை வெயில்ல புகையே வரும். கலக்குன கையோட டேபிள்ல ஊத்திப் பரப்பிரு.

செல்லூர்_தராசு: பக்கெட்டுன்னதும் ஞாபகம் வருது. தைப்பொங்கலுக்கு வாங்கிட்டுப் போன என் பக்கெட்டு எங்கண்ணே?

திருநகர்_மரவேலை: அது ஓட்டைப் பக்கெட்டுடா.

மேலூர்_புதுசு: அப்ப கிலோவுல எவ்வளவுண்ணே?

செல்லூர்_தராசு: ஓட்டையா? குடுக்கும்போது எடை போட்டுத்தான் குடுத்தேன். 640 கிராம்.