'கிரவுண்ட் கவர்' செடிகளுக்கு ஒரு சொல்: தரைப்படரி

நண்பர்களுக்கு வணக்கம். தரையை ஒட்டித் தாழ்வாகப் பரவி மண்ணை மறைக்கும் தோட்டச் செடிகளை நர்சரிகளில் 'கிரவுண்ட் கவர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'தரைப்படரி' என்று சொல்லலாம் என்கிறேன்.

> 'மூடாக்கு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

மூடாக்கு நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. வைக்கோல், சருகு, கரும்புச் சோகை என எதையாவது மண்மேல் பரப்பினால் மூடாக்கு. தென்னைக்கு நடுவே தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்தால் உயிர் மூடாக்கு. இரண்டுமே மண்ணைக் காப்பதற்காகச் செய்வது. வீட்டு முன்னால் வெயில் காயும் இடத்தில் தாழ்வான பூச்செடி வைப்பவர் பூவுக்காக வைக்கிறார், வருடக்கணக்கில் அங்கேயே விட்டுவைக்கிறார். விவசாயிகளின் சொல்லை இதற்கும் போட்டால் இரு தரப்புக்கும் குழப்பம்தான்.

'தரைமூடி'யும் எனக்கு ஒட்டவில்லை. மூடி என்றால் உயிரற்ற பொருள்தான் நினைவுக்கு வருகிறது. 'படர்கொடி' என்றால் பந்தலும் கொழுகொம்பும் வந்துவிடும்.

ஒரு செடியை வைத்துப் பார்ப்போம். விஷ்ணுகிரந்தி. செம்மண் மேட்டிலும் மேய்ச்சல் தரையிலும் தானாக வளரும் பல்லாண்டுச் செடி. கம்பி போல மெல்லிய தண்டு, இலையெல்லாம் பட்டு மாதிரி ரோமம், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியம் தாண்டினால் மூடிக்கொள்ளும். கேரளத்தில் தசபுஷ்பம் எனப்படும் பத்துப் பூக்களில் இதுவும் ஒன்று. நர்சரியில் 'ப்ளூ டேஸ்' என்று விற்பது இதன் பிரேசில் உறவு. அதன் பூ இன்னும் பெரிது.

இது ஊமத்தம் பூ வடிவில் பூக்கும் கொடிகளின் குடும்பம்தான், ஆனால் எதையும் சுற்றி ஏறாது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதையும் சுற்றிப் படரும் கொடிகளோடு சேர்த்து 'கன்வால்வுலஸ்' பேரினத்தில் வைத்தார். 1762இல் பிரித்து 'இவால்வுலஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் முன்னது சுருட்டுவதையும் பின்னது சுருளைப் பிரிப்பதையும் குறிக்கும் வேர்ச்சொற்களிலிருந்து வந்தவை. செடி நடந்துகொள்ளும் விதமே அதற்குப் பெயராயிற்று. நாமும் அதே வழியில் போகலாம் என்பது என் கருத்து.

சரி, செடி எப்படி நடந்துகொள்கிறது? விஷ்ணுகிரந்தியின் கிளை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். எளிதாக மேலே வரும், கணுவில் வேர் இருக்காது. எல்லாக் கிளைகளும் நடுவிலுள்ள கட்டையான ஒரே வேரிலிருந்து கிளம்புகின்றன. கோடையில் மேல்பகுதி காய்ந்தாலும் அந்த வேரிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும். பொடுதலையைத் தூக்கினால் வராது. கணுவுக்குக் கணு மண்ணைப் பிடித்திருக்கும். அதுவும் தாழ்வானது, வெயில் தாங்கும், பூக்கும், பல்லாண்டு வாழும். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர், கிரவுண்ட் கவர்.

தோட்டம் போடுபவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். பொடுதலையில் இரண்டு கணுவுள்ள துண்டைப் புதைத்தாலே போதும், பரவிக்கொள்ளும். பாத்தியின் ஓரத்தை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். விஷ்ணுகிரந்தியைக் காட்டில் பிடுங்கி வந்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, வேர் அறுந்துவிடும். விதை உறை கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. ஒரு சாண் இடைவெளி, சரளை கலந்த மண், முழு வெயில். எரு வேண்டாம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

தவறான செடியைத் தவறான இடத்தில் விட்டால் நேர்வதும் பெரிது. பொடுதலையின் நெருங்கிய உறவான தென் அமெரிக்கச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் மேய்ச்சல் நிலங்களைக் கெடுக்கும் களையாகியிருக்கிறது. அதுவும் கணுவுக்குக் கணு வேர் விடுவதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுச்சொல் தரைப்படரி. 'தரை' முன்னால் நிற்பதால் பந்தல் கொடியோடு குழப்பம் வராது. அதற்குள் இரண்டு வகை: கணுதோறும் வேர்விடுவது கணுவேர்ப் படரி, ஒரே வேரிலிருந்து விரிவது ஒருவேர்ப் படரி. இந்தப் பெயரை நர்சரிப் பையின் மேல் எழுதினால், வாங்குபவருக்கு எப்படி நடுவது, எங்கே வெட்டுவது என்பது பாதி தெரிந்துவிடும்.

> 'ஒருவேர்' என்றால் ஆணிவேர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை, நெருஞ்சி போன்றவற்றுக்கு அது உண்மையும்கூட. 'ஆணிவேர்ப் படரி' என்று வைத்தால்தான் சிக்கல். ஆணிவேருக்குப் பதில் கட்டையான அடிவேர்த்தண்டு உள்ள செடிகள் விட்டுப்போகும்.

கிளை தரையில் கிடந்து நுனி மட்டும் நிமிரும் வகைக்கு 'நுனிநிமிர்' என்ற அடைமொழி தோன்றுகிறது, அதில் எனக்கு முழுத் திருப்தியில்லை. அப்புறம், ஆடு மேய்ப்பவர்களிடம் கணுவில் வேர்விடும் செடிக்கும் விடாத செடிக்கும் தனித்தனிப் பெயர் இருக்க வாய்ப்புண்டு. கொங்குப் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ இருப்பவர்கள் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் கிடைத்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.