ஏர்போர்ட்டை ரியல் எஸ்டேட் முழுங்குதாமே! ஏர்போர்ட் ஓரத்துல வீட்டு சைட் பார்த்தவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தாரமங்கலத்தான்:
2022ல நடந்தது, இன்னும் உறுத்துது. காமலாபுரத்துல இருக்கற சேலம் ஏர்போர்ட் வேலியை ஒட்டி ஒரு லேஅவுட். மச்சான் கூப்பிட்டார்னு கூடப் போனேன். அந்த ஏர்போர்ட் கதைதான் தெரியுமே. 1993ல திறந்தது, ஓடறதும் நிக்கறதுமாக் கிடந்து, 2018ல சின்ன ஊருக்கும் ஃபிளைட் விடற உடான் திட்டத்துல சென்னைக்கு விட்டாங்க, 2021ல அதுவும் போச்சு. 2018ல "ஏர்போர்ட் பக்கமுங்க, சென்ட் ரேட்டு கிடுகிடுன்னு ஏறும்"னு நோட்டீஸ் குடுத்த அதே புரோக்கர், அன்னைக்கு என்ன சொன்னார்ங்கறீங்க? "இனி ஃபிளைட்டே வராதுங்க, சத்தமே இருக்காது. நாளைக்கு ஓடுதளத்தையே சைட் போட்டாலும் போடுவாங்க."

சொல்லிட்டு வேலிக்கு அக்கட்டால கையை நீட்டினார். அங்கே ஆரஞ்சுக் காத்துப்பை விறைப்பா நின்னு ஆடுது. வராத ஃபிளைட்டுக்குக் காத்துத் திசை காட்டிட்டு! இக்கட்டால கல்லுக்குக் கல்லு கலர்க் கொடி. ரெண்டும் ஒரே பக்கமாத்தான் பறந்துச்சு.

சின்னியம்பாளையம் பேரன்:
மேல எழுதின அண்ணன் ஏர்போர்ட்டுக்குப் பாவம் பார்க்கறார். எங்களைக் கேளுங்க. கோயமுத்தூர் ஓடுதளத்தை 9,500 அடியில இருந்து 12,500 அடி ஆக்கறதுக்கு 600 ஏக்கருக்கு மேல வேணும்னு 2010ல சொன்னாங்க. அப்புறம் வருசக்கணக்கா விக்கவும் முடியலை, கட்டவும் முடியலை. பேங்க்ல அடமானம் வெச்சுக் கடன் கேட்டா பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. எங்க அப்பத்தா தினமும் சாயங்காலம் தோட்டத்துக் கிணத்து மேட்டுல உக்காந்து, தலைக்கு மேல போற ஃபிளைட்டைப் பார்த்து "இதுக்குத்தான் பூமி கேக்கறானா சாமி"ன்னு கேக்கும். கோவமாக் கேட்டா பரவால்லைங்க. சும்மா வெவரம் கேக்கற மாதிரிதான் கேக்கும். அப்பத்தா போய்ச் சேர்ந்தப்பவும் பணம் வரலை. ஏர்போர்ட்டை ரியல் எஸ்டேட் முழுங்குதுங்கறதெல்லாம் சரி, விவசாயியை முழுங்கினது எது?

காளப்பட்டி ஏழாவது மாடி:
தம்பி சொல்றது வேற பஞ்சாயத்து. என் கதை சின்னது: எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் ரூமை இடிச்சுக் குறைச்சோம். அளக்க வந்தவர் மொட்டை மாடியில கருவியை வெச்சுட்டு, "ஒண்ணரை மீட்டர் அதிகமுங்க"ன்னார். அவ்வளவுதான்.

இனி வாங்கறவங்க கேட்டுக்கங்க. ஏர்போர்ட்டைச் சுத்தி எங்கெங்க எவ்வளவு உயரம் கட்டலாம்னு கலர் கலரா வரைபடம் இருக்கு, அதை முதல்ல பாருங்க. தடையில்லாச் சான்று விமான நிலைய ஆணையம் குடுக்கணும், பஞ்சாயத்துக் கையெழுத்து அதுக்கு ஈடாகாது. உயரத்தைத் தரையில இருந்து மட்டும் அளக்க மாட்டாங்க, கடல் மட்டத்துக் கணக்குலயும் பார்ப்பாங்க. மேட்டுல இருக்கற சைட்டுக்கு ஒரு மாடி அப்படியே போயிரும். தண்ணி டேங்க், லிஃப்ட் ரூம், இடிதாங்கி, ஆன்டெனா அத்தனையும் கணக்குல சேரும். ஓடுதளத்து நேர்ல இருந்தா இன்னும் இறுக்கம். அப்புறம், 10 கிலோமீட்டருக்குள்ள குப்பை கொட்டவோ கறி வெட்டிக் கழிவைப் போடவோ கூடாதுன்னு விமான விதி 91 சொல்லுது, பருந்து வந்து ஃபிளைட்ல மோதும். நம்ம ஊர்ல யார் கேக்கறா? ரெண்டு தெரு தள்ளித்தான் கோழிக்கடைக்காரன் சாக்குச் சாக்காக் கொட்டறான். அதைப் பத்தித் தனியா எழுதறேன்.

ஈரோட்டுக்காரி:
யாருங்க உங்ககிட்ட யோசனை கேட்டா :) தாரமங்கலத்து அண்ணா, அந்த சைட்டை வாங்கினீங்களா இல்லையா?

தாரமங்கலத்தான்:
நான் வாங்கலை. மச்சான் மூணு சைட் வாங்கி வீடே கட்டிட்டார். 2023 அக்டோபர்ல திரும்பவும் ஃபிளைட் வந்துருச்சு. அந்தச் சின்ன ஏடிஆர் ஃபிளைட் இறங்கறப்பல்லாம் எனக்குப் போன் போட்டு, "கேக்குதா மாப்ள?"ன்னு போனை ஜன்னல்கிட்டப் பிடிக்கறார்.