பேண்டு கலையப் போகிறது, ஒன்பது பாட்டு கையில் இருக்கிறது: ஆல்பம் போடலாமா?

அல்சூர் பேஸ் (கேள்வி):

வணக்கம். பெங்களூரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்டு நடத்தி வருகிறோம். நான் அல்சூர், டிரம்மர் ஜீவன் பீமா நகர், கிதார்காரர்கள் இருவரும் லிங்கராஜபுரம். பேஸ், பாட்டு இரண்டும் நான். போஸ்ட் ஹார்ட்கோர் வகைதான், அதாவது கத்திப் பாடுகிற ராக், ஆனால் மெட்டு இருக்கும். இரண்டாம் தடவை கேட்கிறவர்கள் கோரஸைக் கூடவே பாடிவிடலாம். வரிகள் எல்லாம் தமிழ். "எதுக்குடா இப்படிக் கத்துற" என்று என் பாட்டி கேட்பார். அதே பாட்டி பூ கட்டும்போது எங்கள் மெட்டு ஒன்றை முணுமுணுத்ததையும் கேட்டிருக்கிறேன்.

டிரம்மருக்கு ஜெர்மனியில் எம்.எஸ். இடம் கிடைத்துவிட்டது. அக்டோபரில் வகுப்பு, செப்டம்பரிலேயே கிளம்புகிறான். ஒரு கிதார்காரனை ஆபீசில் புனேவுக்கு மாற்றுகிறார்கள். வேறு ஆள் வைத்து ஓட்டலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சண்டை எதுவும் கிடையாது, அத்தோடு முடிந்தது.

ஒன்பது பாட்டு தயார். ஆனால் இதுவரை ஒழுங்காக எதையும் பதிவு செய்யவில்லை. ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூமில் போனில் பிடித்தவை இருக்கின்றன, அவற்றில் சிம்பலைத் தவிர ஒன்றும் கேட்காது.

புனே போகிறவன் "நாலு பாட்டை மட்டும் ஈ.பி.யாக, சின்ன ஆல்பமாகப் போடுவோம், போதும்" என்கிறான். டிரம்மர் "போட்டால் முழு ஆல்பம், இல்லையென்றால் விட்டுவிடுவோம்" என்கிறான். ஸ்டுடியோவில் விசாரித்தால், ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே எடுக்க ஒரு பாட்டுக்கு ஒரு நாள் கணக்கு சொல்கிறார்கள். அவ்வளவு நாளும் இல்லை, பணமும் இல்லை. அப்படியே எடுத்தாலும் மிக்ஸ் முடிந்து வெளியே வரும்போது பேண்டு இருக்காது. இல்லாத பேண்டின் ஆல்பத்தை யார் கேட்பார்கள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?


கம்மனஹள்ளி காது:

அந்தப் பணத்தில் டிரம்மருக்கு நல்ல குளிர் கோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் சின்ன பேண்டின் ஆல்பம் போய்ச் சேர்வதே ஷோ முடிந்து வாசலில் மேசை போடும்போதுதான். டி-ஷர்ட் வாங்க வந்தவன் ஆல்பத்தையும் கேட்டு வைப்பான். ஷோவே கிடையாது என்றால் அதைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. நாலு பாட்டு, அதுவும் உங்கள் நண்பர்களுக்கு. அது போதும்.


பழைய கேசட் (விவேக் நகர்):

காது அண்ணன் சொல்கிற மேசைக் கணக்கு சரிதான், பேண்டு ஓடிக்கொண்டிருந்தால். தம்பியின் நிலைமை வேறு. இந்த இசையின் வேரே இப்படிக் கலைந்துபோன பேண்டுகளில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

வாஷிங்டன் நகரில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்று ஒரு பேண்டு. 1984இல் ஆரம்பித்து 1986 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. கை பிச்சியோட்டோ பாட்டும் கிதாரும், எடி ஜேனி கிதார், மைக் ஃபெல்லோஸ் பேஸ், பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். மொத்தமாக ஆடிய ஷோக்கள் இருபதுக்கும் குறைவு. மேடையிலேயே கருவிகளை உடைக்கிற பழக்கம் வேறு, அடுத்த ஷோவுக்குக் கிதாருக்கு எங்கே போவது! முழு ஆல்பம் என்று அவர்கள் போட்டது ஒன்றே ஒன்று. 1985 பிப்ரவரியில் பதிவு செய்து அதே வருஷம் டிஸ்கார்ட் என்ற சின்ன கம்பெனியில் வெளிவந்தது. பதிவை மேற்பார்த்தவர் இயன் மெக்கே, மைனர் திரெட் பேண்டில் பாடியவர், டிஸ்கார்டை நடத்துகிறவர்களில் ஒருவர். பதிவான இடம் இன்னர் இயர், டான் சியன்டாரா என்ற மனிதர் ஆர்லிங்டனில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த ஸ்டுடியோ. நம் ஊர்க் கணக்கில் தெரிந்தவர் வீட்டு கார் ஷெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஹார்ட்கோர் என்ற பங்க் ராக் வகை என்றால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், வேகம், கோபம் அரசாங்கத்தின் மேல் அல்லது போலீஸ் மேல். இவர்கள் வேகத்தை வைத்துக்கொண்டு கோபத்தைத் தங்கள் மேலேயே திருப்பினார்கள். அடியில் இரண்டு கிதாரும் மெட்டைப் பிடித்துக்கொண்டே போகும், மேலே பிச்சியோட்டோவின் குரல் பாதி வரியில் உடையும். உடைந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பாட்டில் கடைசி மட்டும் ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது. இன்றைக்கு ஒரு மென்பொருளில் போட்டுச் சுருதி சேர்த்தால் அந்த ஆல்பத்தில் ஒன்றும் மிஞ்சாது. உணர்ச்சியைக் கொட்டிப் பாடுகிற ராக்குக்கு ஈமோ என்ற சொல்லையே இவர்களை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள், இவர்களுக்கோ அந்தப் பெயர் பிடிக்காது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆல்பம் வரும்போது பேண்டு இருக்காதே என்கிறீர்கள். அதே ஊரில் எம்ப்ரேஸ் என்ற பேண்டு. இயன் மெக்கேயின் தம்பி அலெக் பாடிய ஃபெய்த் கலைந்ததும், அதில் வாசித்த மூன்று பேரை அண்ணன் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1985 கோடையில் ஆரம்பம், 1986 வசந்தத்தில் முடிவு. அவர்களுக்கும் ஒரே ஆல்பம், அது வெளிவந்தது 1987இல். பேண்டு போய்ச் சேர்ந்த பிறகு.

அதையும் விடுங்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் நால்வரில் மூவரும் எம்ப்ரேஸ் கிதார்காரரும் சேர்ந்து 1986இல் ஒன் லாஸ்ட் விஷ் என்று ஒன்று தொடங்கினார்கள். சில மாதம்தான் இருந்தது. அதற்குள் இன்னர் இயரில் போய்ப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த டேப் 1999இல்தான் ஆல்பமாக வந்தது. பதின்மூன்று வருஷம் பெட்டியில் கிடந்தது! ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் 1984இல் எடுத்த ஆறு பாட்டு டெமோவை டிஸ்கார்ட் 2012இல் வெளியிட்டது. இவற்றில் எதற்கும் ஷோ வாசலில் மேசை போட பேண்டு இல்லை, அண்ணே.

ஆகவே வெளியிடுவதும் பதிவு செய்வதும் ஒரே வேலை இல்லை. வெளியிடுவதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பதிவுக்கு நான்கு பேரும் ஒரே அறையில் நிற்க வேண்டும், அதற்குச் செப்டம்பர் வரைதான் நேரம். ஈ.பி. என்பது அடுத்த வருஷமும் இருக்கிற பேண்டுக்கு. அடுத்தது வரும் என்று ருசி காட்டுவதற்காகப் போடுவது. உங்களுக்கு அடுத்தது கிடையாதே, மீதி ஐந்து பாட்டை யாருக்காக ஒளித்து வைக்கிறீர்கள்? டிரம்மர் பக்கம்தான் என் ஓட்டு.

ஒரு கொசுறு: ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் அதே நான்கு பேர் 1987இல் திரும்பவும் ஒன்று சேர்ந்தார்கள். பழைய பெயரைத் தொடவில்லை. ஹேப்பி கோ லிக்கி என்று வேறு பெயர், வேறு மாதிரி இசை. அப்புறம் பிச்சியோட்டோவும் கேன்டியும் மெக்கேயோடு ஃபுகாசி என்ற பேண்டுக்குப் போனது பலருக்குத் தெரிந்த கதை. 2007இல் அயர்ன் மெய்டன் என்ற பெரிய மெட்டல் பேண்டு நம் ஊர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது வாயைப் பிளந்து நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது கை போவது இந்த ஒற்றை ஆல்பக்காரர்களிடம்தான்.


எஸ்.பி. ரோடு வயர்:

கதை அண்ணன் சொல்லிவிட்டார், வேலையை நான் சொல்கிறேன். கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா முதல் மெட்டல் பேண்டு வரை சவுண்ட் பார்க்கிறவன் நான்.

தனித்தனியாக எடுக்காதீர்கள். நீங்கள் ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூமையே சனி, ஞாயிறு முழுதாக வாடகைக்குப் பிடியுங்கள். மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கிற, எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று, வாடகைக்கே கிடைக்கும். காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கு மைக் ஒன்று, குச்சியால் அடிக்கிற ஸ்னேர் டிரம்முக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே இரண்டு, கிதார் ஆம்புக்கு ஒவ்வொன்று, பேஸ் மைக் இல்லாமல் நேரடியாக டி.ஐ. என்கிற இணைப்புப் பெட்டி வழியாக, எட்டாவதில் நீங்கள் வழிகாட்டலுக்குப் பாடும் குரல். எட்டும் சரியாகப் போச்சு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அளவு மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், சிவப்பைத் தொடவே வேண்டாம்.

நான்கு பேரும் ஒன்றாக வாசியுங்கள். கிதார் ஆம்ப் இரண்டையும் டிரம்ஸ் அறையில் வைக்காதீர்கள். ஒன்றை நடைவழியில், ஒன்றைப் பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்தி, முன்னால் பழைய மெத்தையைச் சாய்த்துவிடுங்கள். எல்லோருக்கும் ஹெட்போன். அப்படியும் கொஞ்சம் சத்தம் ஒன்றின் மைக்கில் இன்னொன்று ஒழுகத்தான் செய்யும். பரவாயில்லை, இந்த மாதிரி இசைக்கு அந்த ஒழுகல்தான் ஒட்டு. ஒரு பாட்டுக்கு மூன்று டேக், அதாவது மூன்று முறை வாசித்துப் பதிவு, அதற்கு மேல் போனால் கை சோர்ந்துவிடும். மூன்றில் எது ஓடுகிறதோ அதை எடுங்கள், எது சுத்தமோ அதை அல்ல.

தாளம் தவறாமல் காதில் டிக் டிக் என்று ஓடுகிற கிளிக் டிராக் வேண்டுமா என்று டிரம்மர் கேட்பார். தினமும் கிளிக்கோடு பழகியிருந்தால் சரி. இல்லையென்றால் பதிவுக்கு அன்று புதிதாக ஆரம்பிக்காதீர்கள், பயந்து பயந்து அடிப்பார். டிரம் தோல் புதிது போட்டால் சில நாள் முன்னாலேயே போட்டு அடித்துப் பழக்குங்கள், கிதார் கம்பியும் அப்படித்தான்.

குரலை வேறு நாளில் எடுங்கள். கத்துகிற குரல் ஒரு நாளைக்கு மூன்று பாட்டு தாங்கும், அதற்கு மேல் தொண்டை கட்டிவிடும். மேடையில் பாடுகிற சாதாரண எஸ்.எம். 58 மைக் போதும். சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வைத்தால் பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் ஆல்பத்தில் வரும். தமிழில் கத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம்: "விட்டு", "கத்தி" மாதிரி வல்லினம் இரட்டிக்கிற இடத்தில் ஸ்னேரும் விழுந்தால் சொல் காணாமல் போய்விடும். அங்கே குரலை ஒரு இழை தள்ளிப் பாடிப் பாருங்கள்.

தேதி விஷயம் முக்கியம். ஆகஸ்டு மழையில் தகரக் கூரை ஜாம் ரூம் உதவாது. விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு பந்தல் ஸ்பீக்கர், குரல் எடுக்கவே முடியாது. ஜூலைக்குள் முடியுங்கள். லேப்டாப்பை யு.பி.எஸ்.ஸில் வையுங்கள், நல்ல டேக் நடுவில்தான் கரண்ட் போகும். வேலை முடிந்ததும் மூல ஃபைல்கள் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் எழுதி, ஒன்றை ஜெர்மனிக்கு அனுப்பிவிடுங்கள்.


ரெசிடென்சி ரோடு:

பதிவுக்கு முன் ஒரு தாளில் நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டிஸ்கார்ட் காரர்கள் பேண்டுகளோடு ஒப்பந்தமே எழுதுவதில்லை, அது புகழ்பெற்ற விஷயம்தான். ஆனால் அவர்கள் ஒரே ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். நீங்கள் மூன்று ஊராகப் பிரிகிறீர்கள்.

நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் அதன் தயாரிப்பாளர், அதாவது முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. ஜாம் ரூம் நண்பர் "நான்தானே புரொட்யூசர்" என்று பிற்பாடு சொல்ல இடம் வைக்காதீர்கள். ஒலிப்பதிவு நான்கு பேருக்கும் சமபங்கு, வரி யார், மெட்டு யார் யார் என்று ஒன்பது பாட்டுக்கும் எழுதுங்கள். இசை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் போட்டால் டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுப்பார்கள். மீதி யார் கணக்குக்கு வரும், எப்படிப் பிரிப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

பழைய கேசட் அண்ணா, எம்ப்ரேஸை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே! எனக்கு அதுதான் பெரிது.


அல்சூர் பேஸ்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நான்கு பேரும் இதைப் படித்தோம். புனேகாரன் இறங்கி வந்துவிட்டான், ஒன்பதும் எடுக்கிறோம். ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து ரூம் சொல்லியாயிற்று. தாளை ரெசிடென்சி ரோடு அக்கா சொன்னபடி எழுதுகிறோம். ஒரு மெட்டு யாருடையது என்று எழுத உட்கார்ந்ததுமே சண்டை ஆரம்பித்துவிட்டது, அதனால் இப்போதே எழுதுவது நல்லதுதான். வெளியிடுவது எப்போது என்று இன்னும் பேசவில்லை. டிரம்மர் கிளிக் வேண்டும் என்றே நிற்கிறான்.

வயர் அண்ணா, ஒரு சந்தேகம். அந்த ஜாம் ரூம் பாத்ரூமில் ப்ளக் பாயிண்ட் இல்லை, தரையும் எப்போதும் ஈரம். ஆம்பை அங்கே வைக்கலாமா?


எஸ்.பி. ரோடு வயர்:

ஈரத் தரையில் ஆம்ப் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும். ரூம்காரரிடம் கேட்டு மாடிப்படிக்குக் கீழே வையுங்கள், மூன்று பின் எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் போட்டு. டிரம்மரிடம் ஒரு பாட்டைக் கிளிக்கோடும் கிளிக் இல்லாமலும் வாசிக்கச் சொல்லி, எது எது என்று சொல்லாமல் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.