நாகூர் ஹனிபா பத்தின புக்கு வாங்கி நொந்துபோயிட்டேன், வேற ஏதாச்சும் நல்லது இருக்கா?

கீழக்கரைக்காரன்:
ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுல பாடகர் நாகூர் ஹனிபா வாழ்க்கை வரலாறுன்னு ஒரு புக்கு கண்ணுல பட்டுச்சு. அட்டையில தொப்பியோட மைக் முன்னாடி நிக்கிற படம், விலையக்கூட பாக்காம எடுத்துட்டேன். எழுதுனவரு பேரு வேணாம், பாவம். ஆனா வாழ்த்துரை, அணிந்துரை தாண்டுறதுக்குள்ளயே அறுபது பக்கம் போயிருச்சு, அதுலயும் பாதிப்பேரு தன்னப் பத்தியேதான் எழுதியிருக்காங்க. அப்புறம் எந்த ஊர்ல பொன்னாடை போட்டாங்க, யாரு தலைமை தாங்குனா, யாரு பக்கத்துல உக்காந்தா, அடுத்தவங்க வீட்டு கல்யாண ஆல்பத்த உக்கார வச்சு காட்டுவாங்கள்ல அந்த மாதிரி.

எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, மனுசன் பொறந்தது நம்ம ராமநாதபுரத்துல, 1925 டிசம்பர் 25. பேருக்கு முன்னாடி நாகூர் ஒட்டிக்கிட்டதால நம்ம ஊர் ஆளுங்களுக்கே இது தெரியாது. புக்குல இதுக்கு ஒரு வரி. ஒத்த வரி! நோன்பு நேரத்துல சஹருக்கு, அதான் விடியுறதுக்கு முன்னாடி சாப்பாட்டுக்கு, எங்க வாப்பா அலாரம் வைக்க மாட்டாங்க, டேப்புல ஹனிபா கேசட்தான், அந்த முதல் இழுப்புலயே தெருவே எந்திரிச்சிரும். அந்தக் குரல் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் வாங்குனேன். நான்தான் ஓவரா எதிர்பாத்துட்டேனா?

பாம்பன் வலைக்காரன்:
பாய் நீங்க எதிர்பாத்ததுல தப்பே இல்ல. நாங்க வேதக்காரங்க, ஆனா எங்க அப்பா போட்ல இருந்த மூணு கேசட்டுல ஒண்ணு ஹனிபா. உப்புக்காத்து பட்டு டேப்பு துருப்புடிச்சு பாட்டெல்லாம் இழுத்து இழுத்துதான் வரும், மத்தவங்க பாடுனா ஒப்பாரி மாதிரி கேக்கும், இவரு பாடுனா மட்டும் அதுவும் ஒரு கம்பீரமா இருக்கும், இஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்குற ஒரே குரல். சர்ச் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுறவரும் காலையில 'இறைவனிடம் கையேந்துங்கள்' போட்டுருவாரு, இறைவன்னுதானே ஆரம்பிக்கிறாருன்னு எங்க பெருசுக ஒண்ணும் சொல்லாதுக.

செம்பருத்தியில, 1992னு நினைக்கேன், இளையராஜா கடல் பாட்டுக்கு இவரக் கூப்புட்டு பாட வச்சாருல்ல, அதப் பத்தி ஏதாச்சும் இருக்கா?

கீழக்கரைக்காரன்:
படத்துப் பேரு இருக்கு தம்பி. கடைசியில ஒரு லிஸ்ட்டுல.

பழைய தபேலா:
நான் இருபது வருசம் மேடையில வாசிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா வரும். ஹனிபா மேல் ஸ்தாயிக்கு போகும்போது கள்ளத்தொண்டைக்கு மாற மாட்டாரு, அடிவயித்துலருந்து அப்படியே முழுக்குரல். அது ரெண்டு பாட்டுக்கு யாரு வேணா செய்யலாம், ராத்திரி முழுக்க கச்சேரி பாடுறதுன்னா மூச்ச எங்க எடுக்குறதுன்னு ஒரு கணக்கு வேணும். 1961ல பாவமன்னிப்புல 'எல்லோரும் கொண்டாடுவோம்' கேளுங்க, பக்கத்துல பாடுறது டி.எம்.சௌந்தரராஜன், ரெண்டும் வெண்கலம், ஆனா ஒண்ண ஒண்ணு அமுக்காது. இது எப்படின்னு ஒரு பக்கம் எழுதியிருந்தா நான் காசு குடுத்து வாங்குவேன். கையேந்துங்கள் பாட்ட எழுதுன அப்துல் சலாம் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டெழுதுனவன், கூட வாசிச்சவன் யாருமே இல்லாம ஒரு பாடகன் வரலாறா? (நான் அவருக்கு வாசிச்சதில்ல, வயித்தெரிச்சல்ல சொல்லலப்பா.)

தொண்டி ராத்தா:
தபேலா அண்ணன் சொல்றது சரிதான், ஆனா பாட்டோட நிறுத்திட்டாலும் பாதி ஆளுதான் வரும். கட்சி மேடையில தலைவரு வர்ற வரைக்கும் கூட்டத்த கலையாம புடிச்சு வச்சது 'ஓடி வருகிறான் உதயசூரியன்'. அப்படி ஊருக்கெல்லாம் ஓட்டு சேத்த மனுசன், தானே நின்னப்ப தோத்தாரு, 1957ல நாகப்பட்டினம், திரும்ப 2002ல வாணியம்பாடி, அப்ப எழுபத்தாறு வயசு. அந்த வயசுல எதுக்கு நின்னாரு, தோத்த அன்னிக்கு வீட்டுல எப்படி இருந்தாரு? அதக் கேட்டா யாரு மனசு நோகுமோன்னு பயந்துக்கிட்டே எழுதுனா பொன்னாடை லிஸ்ட்டுதான் மிஞ்சும்.

இன்னொண்ணு. எங்க உம்மா ஹனிபா கச்சேரிய பாத்ததே இல்ல, கேட்டதோட சரி. கல்யாண வீட்டு மொட்டமாடியில படுதா கட்டி பொம்பளைகள அங்க உக்கார வச்சிருவாக, என்ன பாட்டு வேணும்னு சீட்டு எழுதி சின்னப் பசங்ககிட்ட மேடைக்கு குடுத்து விடுவாக. உம்மா சீட்டுக்கு ஒரு தடவ பாட்டு வந்துச்சாம், இப்ப எண்பது வயசுலயும் அதச் சொல்லும்போது முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு சிரிக்கும். இந்த மாதிரி பொம்பளைகள யாரு தம்பி பேட்டி எடுத்தா?

கீழக்கரைக்காரன்:
ராத்தா, உம்மாட்ட அது எந்தப் பாட்டுன்னு கேட்டு சொல்லுங்க. ஏர்வாடி பக்கம் மைக்செட் வச்சிருந்த ஒரு காக்கா வீட்டுப் பரண்ல அந்தக்கால கச்சேரி நோட்டீஸ் கட்டு கட்டா கெடக்குன்னு சொன்னாக, கரையான் அரிக்கிறதுக்குள்ள ஞாயித்துக்கெழமை போயி போட்டோ எடுத்துட்டு வந்து இங்கயே போடுறேன். பழைய கேசட்டும் குடுப்பாராம். எங்க வீட்டு டேப்புல பெல்ட்டு அந்துபோச்சு, ராமநாதபுரத்துல இன்னும் டேப்பு ரிப்பேர் பாக்குற ஆளு யாராச்சும் இருந்தா சொல்லுங்க.