அறைச்சூடும் வெந்நீரும் ஒரே கருவியில்: தமிழில் என்ன பெயர்?

மூணாறு:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான அறிவியல் இதழுக்கு ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். ஐரோப்பிய வீடுகளில் அறையைச் சூடாக்கவும் குளிக்க வெந்நீர் தரவும் ஒரே ஹீட் பம்பை (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி) பொருத்தி, அது இழுக்கும் மின்சாரத்தையும் தரும் வெப்பத்தையும் தனித்தனி மீட்டரில் அளந்து சோதிக்கிறார்கள். கருவியின் பெயரில்தான் நிற்கிறேன். 'ஒருங்கிணைந்த இடவெப்பமூட்டல் மற்றும் நீர்ச்சூடாக்கல் வெப்ப விசையியக்கக் குழாய்' என்று போட்டால் பிள்ளைகள் இதழை மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

கொழிஞ்சாம்பாறை:
டீச்சர், இதற்கு ஏன் கூட்டம்? வெப்ப எக்கி. எக்கி என்றால் பம்ப், பாடநூலுக்கு ஏற்ற தூய சொல்.

சித்தூர் (ஆந்திரம், பாலக்காட்டுச் சித்தூர் அல்ல, மீண்டும் சொல்கிறேன்):
எக்கி என்றால் என் மாணவர்கள் வயிற்றை எக்கிக் காட்டுவார்கள். கிணற்று நீரை இறைக்கும் ஏற்றம் இருக்கிறதே! தெலுங்கில் ஏதம், மலையாளத்தில் ஏத்தம். குளிர்ந்த வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மேலே தூக்குவதுதானே இதன் வேலை? கிணறு ஆழமானால் ஏற்றக்காரருக்கு மூச்சு வாங்கும். இங்கும் அப்படித்தான்: அறையைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் குழாய்க்கு 35 டிகிரி நீர் போதும், குளியலுக்கு 55 டிகிரி கேட்டால், அதே ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் குறைந்துவிடும். ஆகவே வெப்பவேற்றி. வகர உடம்படுமெய் வரும், பிரித்து எழுதாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை:
ஐயா, ஏற்றத்தைக் கண்ணால் பார்த்த மாணவர் உங்கள் வகுப்பில் ஒருவராவது உண்டா?

பாலக்காடு:
வெந்நீரைச் சேமிக்கும் தொட்டியின் பெயரை விட்டுவிட்டீர்களே. குறுந்தொகை 277-இல் தோழி துறவியான அறிவரை வாழ்த்துகிறாள்: 'அற்சிர வெய்ய வெப்பத் தண்ணீர் சேமச் செப்பில் பெறீஇயரோ நீயே.' பனிக்காலம், வெந்நீர், சேமித்து வைக்கும் கலம், மூன்றும் ஓரிடத்தில்! 'சேமச்செப்பு வெப்பவேற்றி' என்று வைக்கலாம்.

மறையூர்:
விடுதிகளுக்கு வெந்நீர்க் கருவி பொருத்துகிறவன் நான். சேமச்செப்பு அழகுதான், ஆனால் தொட்டி நீரை மிதச்சூட்டிலேயே வைத்திருந்தால் லெஜியோனெல்லா கிருமி வளரும். அதற்காகவே பல கருவிகள் அவ்வப்போது அதை 60 டிகிரிக்கு ஏற்றுகின்றன. அந்தச் செலவும் சோதனைக் கணக்கில் ஏறும். பெயருக்கு வருகிறேன். 'ஒருங்கிணைந்த' வேண்டாம். பெரும்பாலான கருவிகள் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. தொட்டி ஆறியதும் மூவழி வால்வு சூட்டைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிடும். அறைக்குப் போகும் சூடு அதுவரை நின்றுவிடும். வீட்டுக்காரர் குளித்து முடித்த பிறகு அறை ஏன் சில்லிடுகிறது என்பதைத்தான் இந்தச் சோதனைகள் பார்க்க வேண்டும். 'இருபணி' என்று போடுங்கள். மற்றபடி, பழுது என்று என்னை அழைக்கிற எவரும் ஹீட் பம்ப் என்றுதான் சொல்வார்கள்.

சித்தூர்:
ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும் வகையும் உண்டு, தம்பி.

மறையூர்:
அதற்கும் பணி இரண்டுதானே, ஐயா.

மூணாறு:
நன்றி. 'இருபணி வெப்பவேற்றி' என்று எழுதுகிறேன். முதல் பத்தியில் மட்டும் ஹீட் பம்ப் என்றும் சேர்ப்பேன். சேமச்செப்பைப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன், ஐயா கோபிக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை:
என் வாக்கு எக்கிக்கே. அடுத்த இதழில் மறுப்பு எழுதுவேன், இடம் ஒதுக்கி வையுங்கள்.