புதுப்பிப்பு: இரணைமடுக் காட்சியின் காற்று இரைச்சல்

எங்கள் நகைச்சுவைக் குறும்படத்தில், இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த காதல் சொல்லும் காட்சி முழுக்கச் சோளகக் காற்றின் இரைச்சல், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டச் சொன்னீர்கள். உறுமல் குறைந்தது, ஒலிவாங்கியில் காற்று அடித்து உடைந்த சொற்கள் மீளவில்லை. சரி, டப்பிங்தான். கிளிநொச்சியில் ஓர் அறை, சுவரெல்லாம் மெத்தை, மின்விசிறியும் நிறுத்தம். படத்தில் ஒரே பெட்டைக்காகச் சண்டை பிடிக்கும் இரண்டு நண்பர்களும் அங்கே உண்மையாகவே சண்டை பிடித்தார்கள், தண்ணீர்ப் போத்தலுக்காக!

குரலை மட்டும் வைத்தால் வானொலி நாடகம் போல இருந்தது. விடியற்காலையில், காற்று எழும்ப முன் குளக்கட்டுக்குப் போய், ஒருவரும் கதைக்காமல் இரண்டு நிமிடம் வெறும் குளத்து ஒலியைப் பதிந்து அடியில் போட்டோம். காட்சி உயிர்த்துவிட்டது. ஒரு மயில் மட்டும் தவறான இடத்தில் அகவுகிறது. விட்டுவிட்டோம், சிரிப்பு வருகிறது.