திருவொற்றியூர் கல்லில் பிடிக்கும் பாசியை மருந்தாகச் சாப்பிடலாமா?

கத்திவாக்கம் செல்வம்:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களில் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருக்கிறதல்லவா, அதை வழித்துக் காயவைத்துப் பொடித்துச் சாப்பிட்டால் மூட்டுவலி போகுமாம். நான் நம்புகிறேன். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் கடற்பாசியிலிருந்து கேப்சூல் உருவாக்கியிருக்கிறது. ஜப்பானில் பாசி அன்றாடச் சாப்பாடு. டப்பாவில் அடைத்துக் காசு வாங்கினால்தான் மருந்தா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
வேண்டாம் அண்ணே. அந்தக் கேப்சூலில் இருப்பது பாசிப்பொடி இல்லை, பாசியிலிருந்து பிரித்தெடுத்த சாறு. அதற்கு ஒரு அளவும் உண்டு. பாசியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசிகளின் செல் சுவரில் ஆல்ஜினேட் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில டானிக்குகளில் வேலை செய்வது அதுதான்: வயிற்று அமிலம் பட்டதும் கூழாகி, மேலே மிதந்து, அமிலம் தொண்டைக்கு ஏறாமல் தடுக்கும். நீர் வடியும் புண்ணுக்கு வைத்துக் கட்டும் சில பட்டைகளும் அதே பொருளில் செய்தவை.

ஆனால் அதே ஆல்ஜினேட் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் கல்லில் இருக்கும் பச்சைப் பாசியும் சளைத்ததில்லை. கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க அந்த இனத்தை எடுத்துத்தான் பல ஊர்களில் உலோகம் அளக்கிறார்கள். எண்ணூரில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் கலக்கும் கடலில் வளர்ந்ததையா தினமும் சாப்பிடச் சொல்கிறீர்கள்?

ஜப்பான் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். அங்கே விரும்பிச் சாப்பிடும் ஹிஜிகி பாசியில் கனிம ஆர்செனிக் (ஆர்செனிக்கில் நஞ்சு மிகுந்த வகை) அதிகம் இருக்கிறது, சாப்பிட வேண்டாம் என்று 2004-ல் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு எச்சரித்தது.

காசிமேடு ராணி:
தம்பி, "கடல் கெட்டுவிட்டது, தொடாதே" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் கரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலையோடு சொறிமீன் (ஜெல்லி மீன்) ஏறிக் கை தடித்து எரியும்போது அடப்பங்கொடி இலையைக் கசக்கிச் சாறு விடுவது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். அந்தக் கொடியின் சாறு சொறிமீன் நஞ்சை முறிக்கிறது என்று 1970-ல் நேச்சர் இதழில் கட்டுரையே வந்தது. நித்தியகல்யாணி மட்டும் என்ன? கடலோர மணலில் தானாக முளைக்கிற செடி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்துதானே வந்தது?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
அக்கா, அடப்பங்கொடியில் நான் உங்கள் பக்கம். தோலில் தடவுவது வேறு, மாதக்கணக்கில் வயிற்றுக்குள் போவது வேறு. நித்தியகல்யாணி என் வாதத்துக்குத்தான் பலம். காய்ந்த இலையை டன் கணக்கில் போட்டால் வின்கிரிஸ்டின் கிராம் கணக்கில் கிடைக்கும். அந்தத் துளியையும் நரம்பு பாதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

எர்ணாவூர் தோழன்:
அக்காவின் கோபம் நியாயமானது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பாரதியார் நகர் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரத்து அலையாத்தி மரங்களில் கறுப்பாக அப்பிக்கொண்டது. ஆனால் அதனால்தான் சொல்கிறேன்: இங்கே வளரும் பாசி மருந்து என்று நாமே பரப்பினால், கடலைக் கெடுத்தவர்களுக்குத்தான் வசதி.

கத்திவாக்கம் செல்வம்:
சரி. ஆனால் சோதிக்காமலே நஞ்சு என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். எங்கே கொடுத்துப் பார்ப்பது?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்செனிக்கில் கனிம வகையைத் தனியாகக் கேளுங்கள். பாசியில் மொத்த அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்திலும் தள்ளியும் எடுத்து, தனித்தனிப் பையில் இடமும் தேதியும் எழுதுங்கள். முடிவு வரும்வரை பொடியை யாருக்கும் கொடுக்காதீர்கள் அண்ணே.

காசிமேடு ராணி:
பழவேற்காட்டிலிருந்தும் ஒரு பை எடுப்போம். பணத்தில் என் பங்கும் உண்டு.